தேய்ந்துபோன ஸ்டெபிலைசர் லிங்க் ராடை வீட்டிலேயே மாற்றும் முறை

மேடுபள்ளமான தெருவில் மெதுவாகப் போகும்போது காரின் முன்பக்கத்தில் ‘லொட லொட’ என்று சத்தம் வந்து, அதே கார் வழவழப்பான நெடுஞ்சாலையில் ஓசையின்றி ஓடுமானால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க் ராடைத்தான். எங்கள் காரில் இந்தச் சத்தம் வந்தபோது ஒரு பணிமனையில் இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினோம், பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. பிறகு நானே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள அந்தக் கம்பியின் மேல்முனையில் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் மணலும் துருவும் குழைந்து கிடந்தன. ஸ்பிரிங்கின் விசை எதுவும் இந்த உதிரிப்பாகத்தின் மேல் இல்லாததால், சஸ்பென்ஷன் வேலைகளில் நிதானமான எவரும் வீட்டு வாசலில் செய்யக்கூடியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

வளைவில் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, இரு முன்சக்கரங்களின் அமைப்பையும் இணைத்தபடி குறுக்கே ஒரு எஃகுக் கம்பி ஓடுகிறது. பல கார்களில் அதன் ஒவ்வொரு நுனியையும் அந்தந்தப் பக்கத்து ஷாக் அப்சார்பரோடு பிணைப்பதுதான் லிங்க் ராடு. அதன் இரு முனைகளிலும் சிறிய பால் ஜாயிண்ட், அதாவது குழிக்குள் சுழலும் உருண்டை மூட்டு, இருக்கும். வேகத்தடையை நேராக ஏறும்போது இரு சக்கரங்களும் ஒன்றாக எழுவதால் குறுக்குக் கம்பி முறுக்கப்படுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போதுதான் அது முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இழுக்கிறது. எனவே நேரான வேகத்தடையில் அடங்கியிருந்து, ஒரு பக்கக் குழியில் மட்டும் எழும் சத்தம் இந்த ஜாயிண்டைச் சுட்டிக்காட்டும் நல்ல அடையாளமாகும்.

உறுதிசெய்து கொள்ள, காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பியபின், சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு ராடைப் பிடித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள். நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் குறுக்குக் கம்பி முறுக்கி ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. நல்ல ஜாயிண்டில் விரலுக்கு எந்த இடைவெளியும் தட்டுப்படாது. தேய்ந்ததில் ‘டக்’ என்ற அதிர்வு உள்ளங்கை வரை வரும்.

புதிய ராடு வாங்கும்போது காரின் மாடலோடு ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். சில கார்களில் இடம், வலம் என இரண்டும் வேறு வேறு. ஒன்று தேய்ந்திருந்தால் மற்றதும் அதே தூரம் ஓடியதுதான் என்பதால், இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே நல்லது. கருவிகளில் வீல் ஸ்பேனர், ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், ரிங் ஸ்பேனர், ஆலன் கீ, ஒயர் பிரஷ், துருவை இளக்கும் ஸ்பிரே, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஆகியவை தேவை. முந்தைய நாள் இரவே நட்டுகளின் மேல் ஸ்பிரே அடித்து வைத்தால் மறுநாள் வேலை பாதியாகக் குறையும்.

காரைத் தூக்குவதில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது. மண் தரையிலோ வெயிலில் இளகிய தார்த் தரையிலோ இதைச் செய்யவே கூடாது. சிமெண்ட் தரை வேண்டும். கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, உடனே ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே உரியது; அதை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் கை கால்களை நீட்ட வேண்டாம். முன்பக்கம் இரண்டையும் தூக்கி நிறுத்தினால் குறுக்குக் கம்பி முறுக்கின்றித் தளர்வாக இருக்கும், ராடும் எளிதில் கழன்று வரும்.

சக்கரத்தைக் கழற்றியதும், வெளியே நீண்டிருக்கும் மரையை ஒயர் பிரஷால் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மீண்டும் ஸ்பிரே அடியுங்கள். நட்டைத் திருப்பும்போது ஜாயிண்டின் தண்டும் கூடவே சுற்றும். பெரும்பாலான ராடுகளில் தண்டின் நுனியில் ஆலன் கீ நுழையும் குழி ஒன்று இருக்கும். அந்தக் குழிக்குள் அடைந்திருக்கும் மண்ணை ஒரு ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, கீயைக் கடைசிவரை அழுத்திச் செருகி, தண்டை அசையாமல் பிடித்தபடி ரிங் ஸ்பேனரால் நட்டைச் சுழற்றுங்கள். மண்ணோடு பாதி மட்டும் செருகிய கீ வழுக்கினால் குழி உருண்டையாகிவிடும், பிறகு தண்டைப் பிடிக்க வழியிருக்காது. அப்படி ஆகிவிட்டால் ரப்பர் உறைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஹாக்ஸா பிளேடால் தண்டை அறுத்துவிடலாம். பழைய ராடு எப்படியும் குப்பைக்குத்தான். ஆனால் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் அருகிலேயே செல்கின்றன என்பதை ஒவ்வொரு இழுப்பிலும் நினைவில் வையுங்கள். ஷாக் அப்சார்பரின் உச்சியில், பானட்டுக்குள் தெரியும் நடு நட்டை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான்.

புதிய ராடைப் பழையதன் அருகில் வைத்து நீளத்தையும் தண்டுகளின் திசையையும் ஒப்பிட்டபின் பொருத்துங்கள். கீழ்த்துளை நேருக்கு வராவிட்டால் சுத்தியலால் அடிக்காமல், குறுக்குக் கம்பியைக் கையாலோ கடப்பாரையாலோ மெல்ல நெம்பினால் போதும். பழைய நட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது; பூட்டு வளையம் கொண்ட நட்டு ஒருமுறைதான் உறுதியாகப் பிடிக்கும். ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்தபடி இரு நட்டுகளையும் கையால் ஏற்றி, பிறகு உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். நட்டை அதிவேகமாகச் சுழற்றும் இம்பாக்ட் கன்னைப் பயன்படுத்தினால் புதிய ஜாயிண்ட் தன் குழிக்குள் வேகமாகச் சுழன்று அப்போதே கெட்டுப்போகக்கூடும்.

சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ்களைக் காரின் பாரம் சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். பால் ஜாயிண்ட் கொண்ட லிங்க் ராடுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சக்கரங்களின் கோணத்தை இந்த ராடு தீர்மானிப்பதில்லை என்பதால் வீல் அலைன்மெண்ட்டும் தேவைப்படாது. சக்கரத்தை மாட்டி, வீல் நட்டுகளை எதிரெதிராக ஏற்றி, காரை இறக்கியபின் முழு அளவுக்கு இறுக்குங்கள். பிறகு முதலில் சத்தம் வந்த அதே தெருவில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து ராடின் நட்டுகள் நான்கையும் வீல் நட்டுகளையும் ரெஞ்சால் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.