தாழப் பறக்கும் சாகசத்தில் தவறு உச்சியிலேயே நடந்துவிடுகிறது

பெங்களூரில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் ஆண்டுகளில், பிப்ரவரி பிறந்தால் எலகங்காப் பக்கம் இருக்கும் எங்கள் மொட்டை மாடியில் சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் என் அக்கா மகன் ஒருமுறை கேட்டான்: "மாமா, லூப் அடித்துக் கீழே வரும்போது தரை நெருங்கினால், ஸ்டிக்கை இன்னும் பலமாக இழுத்தால் போதாதா?"

போதாது. பலருடைய உயிரை வாங்கிய நம்பிக்கை அது. லூப் என்றால் விமானம் மேலே ஏறி, உச்சியில் தலைகீழாகி, கீழே இறங்கி முடிக்கும் செங்குத்து வட்டம். ஸ்டிக் என்பது இழுத்தால் மூக்கை உயர்த்தும் கைப்பிடி.

வேகமும் உயரமும்தான் விமானத்தின் கையிருப்பு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கலாம். என்ஜின் உந்துதலையும் காற்றின் இழுவையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வினாடிக்கு 100 மீட்டர் வேகம் சுமார் 510 மீட்டர் உயரத்துக்குச் சமம். 80 மீட்டர் வேகம் என்றால் 326 மீட்டர்தான். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. "கொஞ்சம்தானே குறைவு" என்று லூப்புக்குள் நுழைவதுதான் முதல் தவறு.

அந்தக் குறையை உச்சியில் பார்த்த பிறகும் கீழே இறங்குவது அதைவிடப் பெரிய தவறு. 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் கண்காட்சியில் ஒரு ஹாக்கர் ஹண்டர் விமானம் குறைந்தது 350 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேண்டிய இடத்தில் சுமார் 310 நாட்டில் நுழைந்தது. ஏறும்போது என்ஜினின் முழு உந்துதலும் கொடுக்கப்படவில்லை. 3,500 அடியாவது இருக்க வேண்டிய உச்சி சுமார் 2,700 அடியில் முடிந்தது. உச்சியைத் தாண்டி நான்கு வினாடி வரைகூட லூப்பைக் கைவிட்டு விலகியிருக்க முடியும் என்று விசாரணையில் தெரிந்தது. விமானம் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அந்த நான்கு வினாடியை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, கீழே வந்து பலமாக இழுத்தால் என்ன ஆகும்? 4 ஜி சுமையில், அதாவது எடை நான்கு மடங்கானது போல அழுத்தும்போது, ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கும் வேகம், இரண்டு மடங்காகிவிடும். நேராகப் பறக்கையில் 60 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம் அப்போது 120 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். மூக்கு மேலே பார்க்கும், விமானமோ கீழே போய்க்கொண்டே இருக்கும்.

பெங்களூரில் பறப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எலகங்கா ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. உயரமானி கடல் மட்டக் கணக்கில் 3,500 அடி காட்டினால், தாம்பரத்தில் காலுக்குக் கீழே 3,400 அடி இருக்கும். இங்கே வெறும் 500. காற்றும் இங்கே மெல்லியது. கருவி அதே வேகத்தைக் காட்டினாலும் உண்மையான வேகம் சுமார் 5 சதவீதம் கூடுதல். வட்டத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் லூப் பத்து சதவீதம் பெரிதாகும். வெயில் ஏறினால் இன்னும் பெரிதாகும்.

கிட்டத்தட்ட இதே உயரத்தில் இருக்கும் அமெரிக்காவின் மவுண்டன் ஹோம் தளத்தில், 2003 செப்டம்பரில் அமெரிக்க விமானப்படையின் சாகசக் குழுவான தண்டர்பேர்ட்ஸின் எஃப்-16 விமானி, ஓடுதள உயரத்தைச் சேர்க்கும் இந்தக் கூட்டலில்தான் தவறினார். தரையிலிருந்து 2,500 அடிக்கு ஏற வேண்டியவர் 1,670 அடியிலேயே கவிழ்ந்து கீழே பாய்ந்தார். மோதுவதற்கு ஒரு வினாடிக்கும் குறைவாக இருந்தபோது இருக்கையோடு வெளியேறி உயிர் பிழைத்தார்.

அப்புறம், தாழ்வாகப் பறந்தபடி விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும்போது மூக்கை முதலில் உயர்த்தாமல் உருண்டால் அது தானாகவே தரையை நோக்கிச் சரியும். பின்காற்றில் தரை வேகமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு வேகம் போதும் என்று நம்பிவிடக் கூடாது, கருவியைப் பார்க்க வேண்டும். திட்டத்தில் இல்லாத வித்தையை அந்த நேரத்து உற்சாகத்தில் சேர்க்கவே கூடாது.

அக்கா மகனிடம் சொன்னேன்: "நுழையும் வேகம், உச்சியில் இருக்க வேண்டிய உயரம் ரெண்டையும், அன்றைக்கு எந்த ஊரோ அந்த ஓடுதள உயரத்தைச் சேர்த்து, தொடையில் கட்டுற தாளில் எழுதிக்கோடா. உச்சியில் எண் வரவில்லையென்றால் உருண்டு நேராகி விலகிடு. அதை நல்ல உயரத்தில் நூறு தடவை பழகின பிறகு தாழப் பறக்கிறதைப் பற்றிப் பேசலாம்."