மூழ்கிய குகைகளின் சிற்றுயிர்கள்: விளக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் வாழும் நமக்குக் குகை என்றதும் பத்துமலையே நினைவுக்கு வருவதால், கடலோரக் குகைகளில் கண்டறியப்படும் ஓட்டுடலிகளைப் (நண்டு, இறால் போன்றவற்றின் பிரிவு) பற்றி மாணவர்களுக்கு விளக்கும்போதும் அந்தக் காட்சியையே மனத்தில் கொண்டு பேசிவிடுகிறோம். பத்துமலையின் இருட்டுக் குகை காற்று நிறைந்தது. இந்தக் கடலோரக் குகைகளோ நீரில் மூழ்கியவை. அலை வந்து மோதும் கடற்குகைகளோடு இவற்றைச் சேர்ப்பதும் பிழையே. ஆன்கியலைன் எனப்படும் இக்குகைகள், பாறை இடுக்குகளின் வழியே நிலத்தடியில் மட்டும் கடலோடு தொடர்புடையவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, குகைநீர் முழுவதையும் ஒரே நீராகக் கருதுவதுதான். மேலே நன்னீரோ உவர்நீரோ தங்க, அடர்த்தி மிகுந்த கடல்நீர் அதன்கீழ் நிற்கிறது. கீழடுக்கில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ரெமிபீடியா எனும் ஓட்டுடலி வகுப்பைச் சேர்ந்த, கண்ணும் நிறமும் அற்று மல்லாந்து நீந்தும் உயிர்கள் பெரும்பாலும் அக்கீழடுக்கிலேயே வாழ்வதால், மேல்நீரை மட்டும் மொண்டு பார்த்துவிட்டு உயிரே இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. முக்குளிப்பவரின் கையசைவும் மூச்சுக் குமிழிகளும்கூட அடுக்குகளைக் கலக்கி, ஆக்சிஜன் அளவை மாற்றக்கூடும். வெயிலே படாத இடத்தில் உணவு ஏது என்ற கேள்வியையும் தவிர்க்கலாகாது: மேலுள்ள காட்டு மண்ணிலிருந்து இறங்கும் கரிமப் பொருளும், மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்களும் அங்குள்ள உணவுச் சங்கிலியைத் தாங்குவதை, மெக்சிகோவின் யுகடான் குகைகளில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

கண் இல்லாததால் இவற்றைக் குறைப்பட்ட உயிர்கள் என்று எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. யுகடானில் வாழும் ஒரு ரெமிபீடியா இனம், இரையின் உடலில் நஞ்சைச் செலுத்துவதாக 2013இல் அறிவிக்கப்பட்டது. நஞ்சுடையது என உறுதி செய்யப்பட்ட முதல் ஓட்டுடலி அதுவே. மரபணு ஆய்வுகளோ ரெமிபீடியாவைப் பூச்சிகளின் மிக நெருங்கிய உறவாகக் காட்டுகின்றன.

புதிதாகக் கண்டறியப்பட்டதைப் புதிதாகத் தோன்றியதாக எண்ணுவதும் தவறு. பகாமாஸின் குகையொன்றில் உயிரியலாளர் ஜில் யேகர் 1979இல் கண்டு 1981இல் விவரித்த இவ்வகுப்பு மிகத் தொன்மையானது. கரீபியப் பகுதி, கேனரித் தீவுகளின் லான்சரோட்டே, மேற்கு ஆஸ்திரேலியா எனச் சிதறிக் கிடக்கும் இதன் பரவலுக்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்து மறைந்த டெத்திஸ் கடலே காரணம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இவற்றுள் மலேசியாவுக்கு மிக அருகில் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் பண்டேரா நீர்க்குழி.