ஃப்யூல் பம்ப் கத்துதுன்னு உடனே பம்ப மாத்தாதீங்க, பழைய கார்ல நடக்கிற தப்புகள்

பின் சீட்டுக்கு அடியில இருந்து ங்ங்ங்ங்னு ஒரு சத்தம், டவுனுக்குள்ள அவ்வளவா தெரியல, ஏற்காடு ஏறும்போது காதை அடைக்குது, ஷெட்ல காட்டினா பம்ப் போச்சுங்க மாத்திடலாம்ங்கறாங்க, மாத்தின கொஞ்ச நாள்ல திரும்பவும் அதே சத்தம். சேலத்துல பழைய மாருதி, சான்ட்ரோ, ஐகான் வெச்சிருக்கிறவங்ககிட்ட பேசினா இந்தக் கதை அடிக்கடி காதுல விழும். நிறைய வண்டியில, டேங்க்ல இருந்து இன்ஜினுக்கு பெட்ரோல் தள்ளுற அந்த பம்ப் நல்லாவே இருக்கும், அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஏதோ ஒண்ணு அதைப் போட்டு வாட்டிட்டு இருக்கும். அதைப் பாக்காம புது பம்ப் போட்டா அந்தப் புதுசையும் அதே சாகடிக்கும்.

முதல்ல, எல்லா சத்தமும் கோளாறு கிடையாது. எம்பிஎஃப்ஐ வண்டியில, அதாவது கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் தெளிக்கிற வண்டியில, சாவிய ஆன் பண்ணி செல்ஃப் அடிக்காம சும்மா விடுங்க, டேங்க் பக்கம் ரெண்டு மூணு செகண்டு ஒரு ரீங்காரம் வந்து நின்னுடும், பெட்ரோல் லைன்ல பிரஷர் ஏத்துற சத்தம் அது. அது கேட்டா நல்லதுதான், கேக்கலைன்னாதான் கவலைப்படணும். இன்ஜின் ஐட்லிங்ல ஓடும்போது கண்ணாடி எல்லாம் ஏத்திவிட்ட பிறகும் டிரைவர் சீட்டுக்குக் கேக்குது, முன்னைக்கு இப்ப கீச்சுன்னு ஏறிருக்கு, வண்டி சூடாக சூடாக கூடுதுன்னா அப்ப பாக்கணும்.

இதுலயே இன்னொரு தப்பு, பின் வீல் பேரிங் சத்தத்த பம்ப்னு நினைக்கிறது. வண்டிய நிறுத்தி வெச்சு நியூட்ரல்ல ஆக்சிலேட்டர் மிதிங்க, நின்ன வண்டியிலயே அந்த சத்தம் கேட்டா பேரிங் கிடையாது. வண்டி ஓடினா மட்டும் வருது, ஸ்பீடுக்குத் தக்கபடி கூடிக் குறையுதுன்னா பேரிங், டயர் பக்கம் போங்க. தயவுசெஞ்சு இந்த டெஸ்ட்ட ஏற்காடு இறக்கத்துல நியூட்ரல் போட்டு பண்ணாதீங்க, 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோடு அது, கியர்ல இன்ஜின் குடுக்கிற பிரேக் இல்லாம இறங்கவே கூடாது.

இப்ப பெரிய தப்புக்கு வர்றேன். ரிசர்வ்லயே வண்டி ஓட்டுறது. டேங்க்குக்குள்ள இருக்கிற பம்ப் மோட்டாருக்கு கூலிங்கே அந்த பெட்ரோல்தான், மோட்டார்குள்ள பூந்து போறதும் அதுதான். பெட்ரோல் கம்மியா இருந்தா மோட்டார் சூடாகும். அதோட பழைய வண்டிங்க பலதுல இன்ஜின்கிட்ட போய் மிச்சமான பெட்ரோல் ரிட்டர்ன் லைன்ல திரும்ப டேங்க்குக்கே வரும், இன்ஜின் சூட்டையும் சேத்து எடுத்துட்டு வரும், டேங்க்ல நாலஞ்சு லிட்டர்தான் இருந்தா அது சீக்கிரமா சூடாயிடும், சூடான பெட்ரோல்ல குமிழி வரும், குமிழிய இழுத்தா பம்ப் கத்தும். சித்திரை வெயில்ல சேலத்துல கிளம்பி மேல ஏறும்போது இதெல்லாம் ஒண்ணா சேரும், போதாததுக்கு ஏத்தத்துல பெட்ரோல் பின்பக்கம் சாயும், வளைவுல பக்கவாட்டுல அலையும், கொஞ்சூண்டு இருக்கிற பெட்ரோல் இழுக்கிற வாய விட்டு விலகினா பம்ப் காத்த இழுக்கும். அதனால சத்தம் கேட்டா முதல் வேலை பாதி டேங்க்குக்கு மேல பெட்ரோல் போட்டு அதே ரோட்ல திரும்ப ஓட்டிப் பாக்கிறது. மலை ஏறுறதுக்கு முன்னாடி சேலத்துல அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கத்துலயே போட்டுக்கங்க. சத்தம் நல்லா குறைஞ்சா பாதி விடை கிடைச்சிருச்சு, இனிமே கால் டேங்க்குக்குக் கீழ விடாதீங்க.

கேஸ் கிட் போட்ட எம்பிஎஃப்ஐ ஆம்னி, வேகன் ஆர் வெச்சிருக்கிறவங்க இத இன்னும் கவனமா படிங்க. கேஸ்ல ஓடும்போது பெட்ரோல் பம்ப நிறுத்துற ரிலேங்கற கரண்ட் சுவிட்ச் போடாத வண்டிங்க இருக்கு, அதுல பம்ப் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், நம்ம கேஸ்லதானே ஓட்டுறோம்னு டேங்க்ல பெட்ரோலே போடாம விட்டுடுவோம், பம்ப் காய்ஞ்சு போயிடும். கட்டாஃப் இருக்கான்னு கிட் போட்டவங்ககிட்ட கேளுங்க, இருந்தாலும் கால் டேங்க் பெட்ரோல் எப்பவும் கிடக்கட்டும்.

அடுத்தது ஃபில்டர். பம்ப் வாயில ஒரு சின்ன வலை இருக்கும், ஸ்ட்ரெய்னர்னு சொல்லுவாங்க, டேங்க் அடியில படிஞ்ச துருவும் கசடும் அதுல அப்பிக்கும். பம்ப் உறிஞ்சவும் முடியாம விடவும் முடியாம கத்தும். லைன்ல இருக்கிற மெயின் ஃபில்டர் அடைச்சாலும் மோட்டார் திணறும். ரொம்ப நாள் ஓட்டாம நிறுத்தி வெச்ச வண்டின்னா கட்டாயம் டேங்க்குக்குள்ள டார்ச் அடிச்சு பாக்கணும். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் தண்ணிய இழுத்துக்கும், பழைய வண்டியோட ரப்பர் ஹோஸும் வாஷரும் அதுக்குன்னு செஞ்சது இல்ல, அதனால நிறுத்தி வெச்ச வண்டியில துரு, தண்ணி, ஊறிப்போன ரப்பர் மூணையும் சேத்து பாருங்க. டேங்க்க கழுவாம புது பம்ப இறக்கினா புது வலையும் அடைச்சிடும்.

கரண்ட் பக்கம் பாக்காம விடுறதும் ரொம்ப நடக்குது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில எவ்வளவு வோல்ட் இருக்கோ, பம்புக்கு ஒயர் மாட்டுற கப்ளர்லயும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கணும். அரை வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா கருகின கப்ளர், ரிலே, பாடியில மாட்டுற துருப்பிடிச்ச எர்த் ஒயர் இதுல ஏதோ ஒண்ணு வேலைய காட்டுது. பம்ப் மெதுவா சுத்தும், முனகுற மாதிரி கேக்கும், ஏத்தத்துல வண்டி இழுக்காது. ஒரு மல்டிமீட்டர் இருந்தா போதும், எர்த்த சுரண்டி டைட் வெச்சா சரியாயிடுற விஷயத்துக்கு பம்ப் காசு கட்டாதீங்க.

பெட்ரோல் லைன்ல பிரஷர் அளக்கிற கேஜ் போடாம பம்ப் போச்சுன்னு யாரு சொன்னாலும் ஒத்துக்காதீங்க. நிறைய எம்பிஎஃப்ஐ வண்டிக்கு சுமார் 3 பார் வரும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாத்துக்கங்க. பிரஷர் சரியா நிக்குது, சத்தம் மட்டும் இருக்குன்னா பம்ப மாத்த அவசரமே இல்ல. பிரஷர் கூடுதலா காட்டினா ரிட்டர்ன் லைன் நசுங்கிருக்கும், இல்ல பிரஷர கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் கெட்டிருக்கும். ரெகுலேட்டரோட வேக்குவம் ஹோஸ கழட்டிப் பாருங்க, அதுல பெட்ரோல் ஈரம் இருந்தா உள்ள இருக்கிற டயாஃப்ரம்ங்கற ரப்பர் சவ்வு கிழிஞ்சிருக்கு. அப்புறம் அடியில வேலை பாத்த பிறகு சத்தம் ஆரம்பிச்சிருந்தா பெட்ரோல் பைப் பாடிய தொட்டுட்டு இருக்கான்னு பாருங்க, கிளிப்புல இருக்கிற ரப்பர் போயிட்டா சாதாரண ரீங்காரமே வண்டி பூரா ஒலிக்கும்.

நிஜமாவே பம்ப்தான்னு முடிவாச்சுன்னா அதே மாடல் பம்ப் வாங்குங்க. எல்லா வண்டிக்கும் செட் ஆகும்னு குடுக்கிற லோக்கல் பம்ப வெட்டி ஒட்டி மாட்டினா பிரஷரும் ஒத்துக்காது, அதிர்வு தாங்குற ரப்பரும் உக்காராது. டேங்க்குக்குள்ள போற ஹோஸ் பெட்ரோல்ல முழுகிக் கிடக்கிறதுக்குன்னே வர்ற ஹோஸா இருக்கணும், வெளிய போடுற சாதா ஹோஸ் உள்ள ஊறி விட்டுடும். மேல் மூடி ரப்பர் சீல புதுசா போடுங்க, பழசையே போட்டா ஃபுல் டேங்க் அடிச்ச அன்னைக்கு வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை வரும்.

கழட்டும்போது உசிர் விஷயம். பம்ப் ஃப்யூஸ எடுத்துட்டு இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் நின்ன இடத்துலயே ஓட விட்டு பிரஷர இறக்குங்க, அப்புறம் பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க, அதுக்கு அப்புறம்தான் பைப்ல கை வெக்கணும். பக்கத்துல பீடி சிகரெட் கூடாது, குண்டு பல்ப் விளக்கு கூடாது. பம்ப வெளிய வெச்சு பேட்டரி ஒயர் குடுத்து சுத்துதான்னு காட்டுறாங்க பாருங்க, அத செய்யவே விடாதீங்க, காய்ஞ்சு சுத்தினா பம்புக்கும் கேடு, ஒரு பொறி பறந்தா ஷெட்டே போயிடும்.

அம்பாசடர், பத்மினி, கார்புரேட்டர் மாருதி 800க்கு எல்லாம் கதை வேற, பம்ப் இன்ஜின் பக்கத்துலயே இருக்கும், இன்ஜின்ல சுத்துற கேம்ஷாஃப்ட் தள்ளி ஓடுற டயாஃப்ரம் பம்ப். அதுல டக் டக்னு வந்தா உள்ள இருக்கிற லீவர் தேஞ்சிருக்கும், அது தெரியாம, வால்வ தள்ளுற டாப்பட்டோட சத்தம்னு நினைச்சு டாப்பட்ட போட்டு அட்ஜஸ்ட் பண்ணிட்டே இருப்பாங்க. மலையில பாதி வழியில திணறி நின்னுட்டா பெட்ரோல் ஆவியாகி லைன் அடைச்சிருக்கும், ஓரங்கட்டி ஆற விட்டு பம்ப் மேல ஈரத்துணி போட்டா கிளம்பிடும், பம்ப் கெட்டுப்போச்சுன்னு அங்கயே கழட்டாதீங்க. ஆனா இன்ஜின் ஆயில் அளவு பாக்கிற டிப்ஸ்டிக்க எடுத்து மோந்து பாக்க மறந்துடாதீங்க. ஆயில்ல பெட்ரோல் வாடை அடிச்சா, அளவும் ஏறிருந்தா, டயாஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் இன்ஜின்குள்ள இறங்குதான்னு உடனே பாக்கணும். அந்த நிலைமையில வண்டிய ஓட்டாதீங்க, பம்ப மாத்தும்போதே ஆயிலையும் ஃபில்டரையும் சேத்து மாத்திடுங்க.