பிள்ளையைப் பெரியவர்களோடு கார்ட் ஓட்ட விடலாமா: முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பையனோ பொண்ணோ கார்ட் என்கிற சின்ன ரேஸ் வண்டியில் கொஞ்சம் வேகம் காட்ட ஆரம்பித்தால் போதும், டிராக்கில் யாராவது ஒருவர் நம் பக்கத்தில் வந்து நின்று, "இவன் வயசுப் பசங்களோட ஓட்டி என்ன ஆகப்போகுது, பெரியவங்களோட விடுங்க, அப்பத்தான் கத்துக்குவான்" என்று சொல்வார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, பிள்ளையின் விலா எலும்பில் போய் முடியும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் பெரியவர்களோடு சேர்ந்து ஓட்டலாம், அது நல்லதும் கூட. புள்ளிக்காக ஓடும் ரேஸில், உடம்பில் எடையும் கழுத்தில் பலமும் வரும்வரை வேண்டாம். முன்பின் தெரியாத பெரியவர்களோடு வாடகைக் கார்ட்டில் கலந்து ஓட்ட விடவே விடாதீர்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற மேக்ஸ் வெர்ஸ்டாப்பனை இழுப்பார்கள். 2013-இல், கியர் வைத்த கேஇசட் கார்ட் பிரிவில் பெரியவர்களை ஜெயித்து 15 வயதில் உலகப் பட்டம் வாங்கினார், உண்மைதான். ஆனால் அதற்கு முன் வருஷக்கணக்காகக் குழந்தைகள் பிரிவு, ஜூனியர் பிரிவு என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர் அவர். அவரைக் காட்டி 11 வயதுப் பிள்ளையை சீனியர் கார்ட்டில் உட்கார வைப்பதில் எந்த நியாயமும் இல்லை. அவரே 17 வயதில் ஃபார்முலா ஒன்னுக்கு வந்த பிறகுதான், அங்கே குறைந்தபட்ச வயது 18 என்று உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதி போட்டது.

முதலில் பிரிவுகளைப் புரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் வளர்வது ரோட்டாக்ஸ் எஞ்சினை வைத்து நடக்கும் ரோட்டாக்ஸ் மேக்ஸ் வரிசையில்தான், மைக்ரோ, ஜூனியர், சீனியர் என்று. ஜூனியருக்கும் சீனியருக்கும் அதே 125 சிசி எஞ்சின்தான். ஆனால் ஜூனியரில், புகை வெளியேறும் வழியில் இருந்து எஞ்சின் சக்தியைக் கூட்டும் எக்ஸாஸ்ட் பவர் வால்வு கிடையாது, அதனால் சுமார் 23 குதிரைத்திறன். சீனியரில் சுமார் 30. சீனியர் என்றதும் எல்லாரும் நாற்பது வயதுக்காரர்கள் என்று நினைக்காதீர்கள், 14, 15 வயதிலேயே அதில் நுழைய முடியும், ரேஸ் தொடங்கும்போது முன்வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பதின்வயதுப் பசங்கள்தான். அதனால் வயது வந்துவிட்டதா என்பதோடு நிறுத்தாமல் எடைமேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். கார்ட் எஞ்சினோடு சுமார் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரைவரும் கார்ட்டும் சேர்ந்து ஜூனியரில் குறைந்தது 145 கிலோ, சீனியரில் 160-ஐ ஒட்டி இருக்க வேண்டும். (சரியான எண் அந்த வருஷத்து விதிப்புத்தகத்தில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.) பையன் 48 கிலோ, ஹெல்மெட், சூட், ஷூ எல்லாம் போட்டால் 53. குறைகிற எடைக்கு ஈயம் மாட்டி ஈடுகட்ட வேண்டும், ஜூனியரில் அவன் சீட்டில் 12 கிலோ ஈயம் மாட்டினால் போதும். அதே பையன் சீனியருக்குப் போனால் 27 கிலோ ஈயம்! அது அவன் எடையில் பாதிக்கும் மேல்.

ஈயம்தானே, போல்ட் போட்டு முறுக்கினால் ஆச்சு என்று தோன்றும். ஆனால் கார்ட்டில், இரண்டு பின்சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் கிடையாது, பின் ஆக்சில் ஒரே துண்டு, வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தூக்கினால்தான் வண்டி திரும்பும். 75 கிலோ ஆள் தன் உடம்பையே அதற்குப் பயன்படுத்துவார். ஈயம் அப்படி அசைந்து கொடுக்காது, சும்மா தொங்கும். வண்டி முரண்டு பிடிக்க, பிள்ளை ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டி, பத்து லேப்பில் கை மரத்துப்போய் நிற்பான். இதோடு ஃபைபர் சீட்டும் போல்ட் போட்ட இடத்தில் விரிசல் விடும். என் அளவுகோல் இது: 15 கிலோவுக்கு மேல் ஈயம் தேவைப்பட்டால் இன்னும் ஒரு சீசன் ஜூனியரிலேயே இருக்கட்டும். அவன் வேகம் எங்கேயும் ஓடிப்போகாது.

அடுத்தது கழுத்து. ரேஸ் கார்ட்டில் சஸ்பென்ஷன் இல்லை, சீட் பெல்ட்டும் இல்லை, வளைவில் வருகிற விசை முழுக்க உடம்புக்குத்தான். வளர்கிற பிள்ளைக்குத் தலை பெரிது, கழுத்துச் சதை குறைவு, அதன் மேல் ஒரு கிலோவுக்கு மேல் ஹெல்மெட். சோதித்துப் பார்ப்பது சுலபம். பயிற்சியின் கடைசி மூன்று லேப்பை வேகமான வளைவின் ஓரத்தில் நின்று போனில் பிடியுங்கள். முதல் லேப்பில் நேராக இருந்த தலை கடைசியில் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் பையன் இன்னும் தயாரில்லை, லேப் நேரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. ஹெல்மெட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். சிறுவர்களுக்கென்று ஸ்னெல்-எஃப்ஐஏ சிஎம்ஆர் தரத்தில் எடை குறைந்த ஹெல்மெட் வருகிறது, அதை வாங்குங்கள். அப்பாவின் ஹெல்மெட்டில் பஞ்சு அடைத்துக் கொடுக்காதீர்கள். விலா காப்பு கட்டாயம், அதை மாட்டிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு பக்கவாட்டில் நகரக் கூடாது.

வாடகைக் கார்ட்டைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. ரேஸைவிட இது பாதுகாப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ரேஸில் எடை விதி உண்டு, டிராக்கைக் கண்காணிக்கும் மார்ஷல் உண்டு, முன்னால் இடித்தால் மூக்குப் பகுதி உள்ளே இறங்கி நேர அபராதம் வாங்கித் தரும். வாடகைக் கார்ட்டில் பெரும்பாலும் இந்தக் கட்டுப்பாடுகள் இருக்காது. 35 கிலோ பிள்ளை நேர்ப்பாதையில் சர்ரென்று போய்விடும், 90 கிலோ ஆள் பின்னால் வருவார், சுற்றிலும் பம்பர் இருக்கிற தைரியத்தில் வளைவில் பிரேக்கைத் தாமதமாக அழுத்தி இடிப்பார். கெட்ட எண்ணம் இருக்காது, அவருக்கு ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான். பெரிய சீட்டில் தளர்வாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு இடி போதும். டிக்கெட் வாங்கும் முன் கேளுங்கள்: சிறுவர்களுக்குத் தனி கார்ட், தனி நேரம் உண்டா? இல்லையென்றால் குடும்பமும் தெரிந்தவர்களும் மட்டும் ஓட்டும்படி ஒரு செஷனை மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது என்றால் அன்றைக்கு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புங்கள்.

சரி, எடையும் கழுத்தும் சரியாக இருக்கிறது என்று வைப்போம். அப்புறம் பயிற்சியில் சேர்த்து ஓட்ட ஆரம்பிக்கலாம். இருங்காட்டுக்கோட்டையோ கோவையோ, எந்த டிராக்காக இருந்தாலும் வார நாளில், கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். வெயில் நேரம் வேண்டாம், சூட்டுக்குள் பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். வயதைப் பார்த்துக் குழு பிரிக்காமல் லேப் நேரத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு லேப்பில் நாலைந்து நொடி வித்தியாசம் இருக்கிறவர்களை ஒன்றாக விட்டால் பின்னால் வருபவர் திடீரென்று மேலே வந்து நிற்பார்.

பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது முந்தவிடுவது எப்படி என்பதைத்தான். வேகமானவர் பின்னால் வருகிறார் என்று நீலக் கொடி காட்டினால் பயந்து ஒதுங்காமல், தன் கோட்டிலேயே ஒரே சீராகப் போகணும். எங்கே முந்துவது என்று பின்னால் வருபவரே முடிவு செய்துகொள்வார். பிள்ளை கடைசி நொடியில் வழிவிடுகிறேன் என்று வெட்டித் திருப்பினால்தான் சக்கரத்தின் மேல் சக்கரம் ஏறும். பிறகு நல்ல பெரியவர் ஒருவரைப் பார்த்து, அவர் பின்னால் பத்து லேப் முந்தாமல் ஓட்டச் சொல்லுங்கள். எங்கே பிரேக் பிடிக்கிறார், டயரை எப்படிக் காப்பாற்றுகிறார், எந்த வளைவில் பொறுமையாக இருக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தன் வயதுப் பசங்களோடு ஓட்டும்போது எல்லோரும் முதல் வளைவிலேயே பாய்வார்கள், இந்தப் பொறுமையைப் பார்க்கவே வாய்ப்பு இருக்காது.

முதல் ரேஸைப் பின்வரிசையில் இருந்து தொடங்கக் கேளுங்கள், பெரும்பாலும் அமைப்பாளர்கள் மறுக்க மாட்டார்கள். ஓட்டுநர் கூட்டத்தில், இந்தப் பிரிவுக்குப் புதுசு, வயது இவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் பக்கமும் கடமை உண்டு. இடமில்லாத வளைவில் உள்ளே பாய்ந்து ஒரு சிறுவனை வெளியே தள்ளி வாங்கும் பதினோராம் இடத்தில் என்ன இருக்கிறது? அப்படிச் செய்பவரை நீங்களே பிட்டில், அதாவது வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் போய்ப் பிடிக்காதீர்கள், பிள்ளையையும் கேட்க அனுப்பாதீர்கள். வீடியோவை எடுத்துக்கொண்டு நேராக நடுவர்களிடம் போங்கள்.

ரேஸ் முடிந்ததும் எத்தனையாவது வந்தாய் என்று கேட்கும் முன், சட்டையைக் கழற்றி விலாவைப் பாருங்கள். கன்றிப்போயிருந்தால், மூச்சை இழுக்கும்போது வலித்தால், டாக்டரிடம் காட்டி அவர் சரி சொல்லும்வரை கார்ட் வேண்டாம், அவன் எவ்வளவு கெஞ்சினாலும். உடம்பில் ஒன்றுமில்லாமல், ஆனால் அடுத்த வாரம் டிராக்குக்குக் கிளம்பும்போது ஏதாவது சாக்கு சொன்னால், பேசாமல் ஜூனியருக்கே திரும்பக் கூட்டிப் போங்கள்.