எம்.எஸ். சந்தேகமா? நியூரோ டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள்

மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையையும் தண்டுவடத்தையும் கண் நரம்பையும் தாக்கும் நோய், வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று அமெரிக்காவில் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெற்கு கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே காப்பீட்டில் இருந்தவர்களை வைத்து 2013-ல் வெளியான ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது: ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் புதிதாக நோய் கண்டவர்கள் கறுப்பினத்தவரில் 10.2, வெள்ளையரில் 6.9, ஹிஸ்பானிக் மக்களில் 2.9, ஆசியரில் 1.4. கறுப்பினத்தவரில் அந்தக் கூடுதல் முழுக்கப் பெண்களிடம்தான். அங்கே இருக்கும் நம் ஆட்கள் 1.4-ஐப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட வேண்டாம், குறைவு என்றால் வராது என்று அர்த்தமில்லை.

டாக்டரிடம் போகும் முன் தேதி போட்டு எழுதி வையுங்கள். "கண் சரியில்லை" என்பது போதாது. "வலது கண், அசைத்தால் வலி, சிவப்பு நிறம் அந்தக் கண்ணில் மட்டும் வெளிறித் தெரிகிறது, நாலு நாளாக" என்று இருந்தால் கண் நரம்பு வீக்கமா என்று அவர் உடனே யோசிப்பார். 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்ததைக் கட்டாயம் குறியுங்கள், ரிலாப்ஸா, அதாவது நோயின் புதுத் தாக்குதலா என்று பார்க்க அதுதான் கணக்கு.

அப்புறம் ஸ்கேன். மூளைக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால், தண்டுவடத்துக்கும் சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேளுங்கள், ஏனென்றால் கறுப்பினத்தவரிடம் கண் நரம்பும் தண்டுவடமும் அதிகம் பாதிக்கப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கண்ணும் தண்டுவடமும் சேர்ந்து அடிவாங்கியிருந்தால் ஆசியரும் கறுப்பினத்தவரும் கேட்க வேண்டிய இன்னொன்று அக்வாபோரின்-4 ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை. எம்.எஸ். மாதிரியே தெரியும் என்.எம்.ஓ. என்ற வேறு நோய் இந்த இரு பிரிவினரிடமும் கூடுதல், இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்ற சில எம்.எஸ். மருந்துகள் அதை மோசமாக்கிவிடும். என்னைக் கேட்டால் முழு லிஸ்ட்டிலும் விடவே கூடாதது இதுதான்.

நோய் உறுதியானால், கறுப்பின நோயாளிகளுக்கு நடை சீக்கிரம் தளர்கிறது என்பதையும் டாக்டரிடம் பேசுங்கள். மரபணு மட்டும் காரணமில்லை, காப்பீடு இல்லாதது, நியூரோ டாக்டரே கிடைக்காதது, சிகிச்சை தாமதமாவது எல்லாம் அதில் கலந்திருக்கிறது, எனவே "உங்க இனத்துக்கு இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். 25 அடி நடக்க எத்தனை நொடி, கை வேகத்தைப் பார்க்க ஒன்பது துளைப் பலகையில் குச்சிகளைச் செருகி எடுக்க எத்தனை நொடி என்று ஒவ்வொரு முறையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருந்து பற்றிப் பேசும்போது, லேசானதில் தொடங்கிப் பார்க்கலாம் என்றால் ஏன் என்று கேளுங்கள், ஓக்ரெலிசுமாப் போன்ற வீரியமானதை முதலிலேயே தருவதும் இப்போது நடைமுறையில் உண்டு. மருந்துச் சோதனைகளில் கறுப்பினத்தவர் ரொம்பக் குறைவாகவே சேர்க்கப்பட்டிருந்ததால், கறுப்பின, ஹிஸ்பானிக் நோயாளிகளை மட்டும் வைத்து அந்த மருந்துக்கு சைம்ஸ் என்ற ஆய்வையே தனியாக நடத்தினார்கள். காப்பீட்டுக்காரர் மருந்தை மறுத்தால் அப்பீல் கடிதம் டாக்டரின் ஆபீசிலிருந்தே போகட்டும், அந்த நொடிக் கணக்குகளும் அதோடு சேர்ந்து போகட்டும்.