கடல் ஏறும் நேரம் தெரியாமல் பறவை பார்க்கப் போகாதீர்கள்

வசந்தத்தில் ஒரு நாள் ஆற அமரப் பறவை பார்க்கலாம் என்று முடிவெடுத்தால் எல்லாரும் முதலில் பைனாகுலரைத் தேடுவார்கள். அதற்கு முன்னால் கடல் ஏற்ற வற்ற நேரத்தைப் பாருங்கள். கடல் வற்றிக் கிடக்கும்போது உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள் எங்கோ தொலைவில் சேற்றில் புள்ளி புள்ளியாக மேயும், நாம் கரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தண்ணீர் ஏற ஏற அவை கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் ஒதுங்கும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது.

ஏற்றம் மதியத்தையொட்டி வந்தால் அதிர்ஷ்டம். விடியலில் சதுப்பு நிலம், அப்புறம் கடற்கரை.

சதுப்பு நிலத்தில் கிழக்குக் கரையில் உட்கார்ந்து மேற்கே பாருங்கள், காலை வெயில் முதுகில் விழும். எதிர்க்கரையில் இருந்தால் வெயில் கண்ணில் அடிக்கும், எல்லாமே கறுப்பு வாத்துதான். நீங்கள் வந்ததும் நாமக்கோழி, முக்குளிப்பான் போன்ற நீர்ப்பறவைகள் விலகிப்போகும், அசையாமல் இருந்தால் திரும்பி வரும். கோரைக்குள் இருப்பவை கண்ணுக்கு முன் காதுக்குக் கிடைக்கும். அதற்காகச் செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள், எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று நம்பி, கூட்டை விட்டுவிட்டு வரும்.

பைனாகுலர் 8 மடங்கு பெரிதாக்கினால், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம் இருந்தால் போதும். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் 10 மடங்கு.

சரி, உள்ளான்கள். வசந்தத்தில் தலைவலியும் சுவாரசியமும் இவைதான். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரிந்த வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறத்துக்கு மாறும், கல்திருப்பி உள்ளானின் முதுகில் செம்பழுப்பு ஏறும், பாதி மாறிய பறவையோ புத்தகத்தில் இருக்கும் எந்தப் படத்தோடும் ஒத்துப்போகாது. நிறத்தை விடுங்கள். அலகு எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் வளைகிறது, எப்படி மேய்கிறது என்று பாருங்கள். உப்புக்கொத்தி என்ற குட்டை அலகுக் கரைப்பறவை நாலடி ஓடும், நிற்கும், கொத்தும். சின்ன உள்ளான்கள் பல, தலை நிமிராமல் தையல் இயந்திரம்போலக் குத்திக்கொண்டே நகரும்.

படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். 2022ல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கி.மீ. இறங்காமலே பறந்தது. இப்படிப்பட்ட பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பைத்தான் ஒவ்வொரு விரட்டலிலும் கரைக்கிறோம்.

கரையில் நடந்தால் ஈர மணலிலேயே நடங்கள். மேல் மணலில் உப்புக்கொத்தியும் ஆலா என்ற கடற்பறவையும் சின்னக் குழியில் முட்டையிடும், முட்டை அச்சு அசலாகக் கூழாங்கல் போலிருக்கும். உங்கள் முன்னால் ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால் பரிதாபப்பட்டுப் பின்னால் போகாதீர்கள், அது நாடகம், கூடு பக்கத்தில்தான் இருக்கிறது. காலடியைப் பார்த்துப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.