ஒரே தாளில் எட்டுப் பக்கப் பருவ இதழ்

கழிவைக் குறைப்பது பற்றி, மொரீஷியஸில் இருக்கும் நாம் வீட்டிலேயே பருவத்துக்கு ஒன்றாகச் சின்னதாக ஓர் இதழ் செய்ய, ஒரு பக்கம் காலியாக இருக்கும் பழைய ஏ4 தாள் போதும். பசையும் ஸ்டேப்ளரும் வேண்டாம். எழுதிய பக்கம் மடிப்புக்குள் மறைந்துவிடும்.

தாளை எட்டாக மடித்துப் பிரித்து, அகலவாக்கில் வையுங்கள். மேலே நான்கு கட்டம், கீழே நான்கு. நடுக்கோட்டில், நடுவிலுள்ள இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். அப்புறம் காலிப் பக்கம் வெளியே தெரிய நீளவாக்கில் பாதியாக மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் புத்தகமாகிவிடும். பக்க வரிசை இப்படி: கீழ் வரிசையில் இடமிருந்து 6, 7, 8, 1. மேல் வரிசையில் 5, 4, 3, 2, அதுவும் தலைகீழாக! முதலில் பென்சிலால் எண் போட்டுப் பாருங்கள். ஜெராக்ஸ் எடுப்பதானால் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விடுங்கள்.

சரி, எதை எழுதுவது? தமிழ்நாட்டுக் காலண்டரைப் பார்த்து ‘மார்கழிக் குளிர்’ என்று தொடங்காதீர்கள். மொரீஷியஸில் மார்கழி கோடை. லிச்சி வரும் காலம். தைப்பூசக் காவடியும் வெயிலில்தான். அந்தப் பருவத்து இதழில் லிச்சித் தோலையும் ஏழு கறிச் சாப்பாட்டு வாழையிலையையும் உரமாக்குவது, மாங்காய் அச்சாருக்கு ஜாம் பாட்டில்களைச் சேர்த்துவைப்பது எல்லாம் வரலாம். பக்க எண்களைத் தமிழ் இலக்கத்தில் போடுங்கள். பிள்ளைகள் அவற்றை நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலேயே பார்த்திருப்பார்கள்.